"விஷமே இல்லாத பாம்பு டாக்டர்!" என்று என்னைத் திட்டியவர்களுக்கு

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

போன வாரம் "வீட்டில் பாம்பு வளர்க்காதீங்க, அதிலும் முட்டை வச்சு குட்டி எடுத்து விக்கிற வேலை வேண்டவே வேண்டாம்" என்று ரெண்டு வரி எழுதினேன். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பசங்க நிறைய பேர் வந்து வெளுத்துட்டீங்க. "பால் பைத்தானுக்கு விஷமே கிடையாது, படிச்சுட்டு பேசுங்க டாக்டர்" என்பதுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னது. "நாய் கடிச்சு சாகறவனை விடவா?" என்று ஒருத்தர். "பொறாமை" என்று ஒருத்தர். பொறாமைக்கு என்னிடம் மருந்து இல்லை. மத்ததுக்கு பதில் சொல்றேன்.

முதலில் ஒத்துக்க வேண்டியதை ஒத்துக்கிறேன். பால் பைத்தானுக்கு விஷம் கிடையாது. கடிச்சா சின்னச் சின்னதா பல் பதியும், ரத்தம் வரும், சில நேரம் உடைஞ்ச பல் தோலுக்குள்ள நிக்கும். சோப்பு போட்டுக் கழுவிட்டு, டி.டி. ஊசி போட்டு நாளாச்சுன்னா ஒண்ணு போட்டுட்டுப் போகலாம். அந்தக் கடியில் யாரும் சாகப் போறதில்லை. என் கவலை அதன் வாயைப் பத்தி இல்லை, வால் பக்கத்தைப் பத்தி.

பாம்பு, பல்லி, ஆமை, ஓணான் எல்லாத்தின் குடலிலும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாவே குடியிருக்கும். பாம்புக்கு அது நோயே இல்லை. நல்லா சாப்பிடும், சட்டை உரிக்கும், பளபளன்னு இருக்கும். மலத்தில் மட்டும் அப்பப்போ கிருமி வெளியே வரும். "அப்பப்போ" என்பதைக் கவனிங்க. இன்னிக்கு டெஸ்ட் பண்ணி இல்லைன்னு வந்தா, அடுத்த வாரமும் இல்லைன்னு அர்த்தமில்லை. அதனால "எங்க பாம்பு எல்லாம் டெஸ்ட் பண்ணது, க்ளீன்" என்று விளம்பரம் போடுறவர் ஒண்ணு தெரியாம பேசறார், இல்லைன்னா தெரிஞ்சே பேசறார்.

மலம் பெட்டியில் விரிச்ச தாளில் ஒட்டும். தாளிலிருந்து பாம்பின் தோலுக்கு. தோலிலிருந்து உங்க கைக்கு, சட்டைக்கு, செல்போனுக்கு. அங்கிருந்து, தவழுற குழந்தையின் வாய்க்கு. குழந்தை பாம்பைத் தொட வேண்டியதே இல்லை. பாம்பு இருக்கிற ரூமுக்குப் போக வேண்டியதும் இல்லை. அப்பாவின் கை போதும்.

ஒரு சம்பவம். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் ஒரு ஊர். அஞ்சு மாசக் குழந்தை. ரெண்டு நாளா பேதி, காய்ச்சல், மூணாவது நாள் பால் குடிக்கலை, சுருண்டு படுத்திருக்கு. அட்மிட் பண்ணி, பிளட் கல்ச்சர் அனுப்பிட்டு, ஊசி ஆரம்பிச்சோம். கல்ச்சரில் சால்மோனெல்லா வளர்ந்துது, ஆனா டைபாய்டு கிருமி இல்லை, வேற வகை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு இது எங்கிருந்து வந்துது? தண்ணி கொடுத்தீங்களா, இல்லை. முட்டை, கறி யாராவது ஊட்டினாங்களா, இல்லை. வீட்டில் கோழி, வாத்து? இல்லை. ஆடு மாடு? இல்லை. அப்பா பக்கத்திலேயே நின்னார். ஒரு வார்த்தை பேசலை.

மறுநாள் வராண்டாவில் அந்தக் குழந்தையின் ஆயா என்னை ஓரமா கூப்பிட்டாங்க. "மாடியில பாம்பு வச்சிருக்கான் சார், பொட்டி பொட்டியா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

குழந்தை பிழைச்சுது. கிருமி மூளைக்குப் போகலை. போயிருந்தா குறைஞ்சது நாலு வாரம் ஊசி, அதுக்கப்புறமும் காது கேக்குமா, வலிப்பு வருமான்னு வருஷக்கணக்கில் பயம். கிருமி அந்தப் பாம்பிலிருந்துதான் வந்ததுன்னு என்னால் நிரூபிக்க முடியாது. பாம்பின் மலத்தை யாரும் லேபுக்குக் கொண்டுவந்து கொடுக்கலை. நான் சொல்றது இதுதான்: அந்த அப்பா வாயைத் திறந்திருந்தா, எதைத் தேடணும்னு எனக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும். அவர் கெட்டவர் இல்லை, ராத்திரி பூரா குழந்தையைத் தோளில் போட்டுக்கிட்டு நடந்தவர். அவருக்குப் பயம், கேஸ் ஆயிடுமோன்னு.

இந்தப் பயம் ஏன் வருதுன்னு பார்க்கணும். நம்ம ஊர் பாம்புகளை, நல்ல பாம்பு, விரியன், சாரை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வச்சு வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. வெளிநாட்டுப் பாம்பு கதை வேற. பல வருஷமா அது சட்டத்தில் சரியா எங்கேயும் சிக்காம கிடந்துது. 2022ல் சட்டத்தைத் திருத்தி, சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிற வெளிநாட்டு உயிரினங்களையும் உள்ளே கொண்டுவந்தாங்க. 2024 பிப்ரவரியில் விதிகள் வந்துது. பால் பைத்தான் அந்தப் பட்டியலில் இருக்கு. வச்சிருந்தா பரிவேஷ் தளத்தில் பதிவு பண்ணணும், கை மாத்தினா சொல்லணும், குட்டி பொரிஞ்சா சொல்லணும், செத்தாலும் சொல்லணும். மெசேஜில் விலை பேசி, தெர்மாகோல் பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏத்தி விடுற உங்களில் எத்தனை பேரிடம் அந்தப் பேப்பர் இருக்கு? கார்ன் ஸ்னேக் அந்தப் பட்டியலிலேயே இல்லை, அதனால அதுக்கு இந்தப் பதிவும் கிடையாது, எங்கிருந்து வந்துதுன்னு யாருக்கும் தெரியாது.

எங்கிருந்து வருதுன்னு கொஞ்சம் ஊகிக்கலாம். 2023 ஏப்ரல் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கின ஒரு பயணியின் பெட்டியில் 22 பாம்பும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டுது. அதுக்கப்புறமும் பாங்காக் விமானங்களில் இப்படி அடிக்கடி பிடிபடுது. செய்தியில் நாம பார்க்கிறது மாட்டினது மட்டும்தான். துணிப்பையில் கட்டி, பெட்டிக்குள்ள நசுக்கி, மணிக்கணக்கில் பறந்து வந்த பாம்பு எந்த நோயைக் கொண்டுவந்துதுன்னு யார் பார்த்தா? குவாரண்டைன் என்ற வார்த்தையை கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் மனப்பாடம் பண்ண வச்சாங்க. பாம்புக்கும் அது பொருந்தும்.

இப்ப "ப்ரீடிங்" விஷயத்துக்கு வர்றேன். ஒரு பாம்பை ஒரு பெட்டியில் வச்சு வளர்க்கிறது வேற, குட்டி எடுத்து விக்கிறது வேற. ஒரு பால் பைத்தான் பொதுவா நாலு முதல் ஆறு முட்டை இடும். சுமார் ரெண்டு மாசம், 31, 32 டிகிரி சூட்டில் இன்குபேட்டரில் வைக்கணும். லாபம் வரணும்னா ஒரு ஜோடி பத்தாது. பத்து, இருபது, முப்பது பாம்பு, அலமாரி மாதிரி அடுக்கடுக்கா பிளாஸ்டிக் டப்பா. இத்தனைக்கும் தீனி வேணும். தீனி என்னன்னு உங்க விளம்பர வீடியோவில் ரெண்டு செகண்டுக்கு மேல காட்ட மாட்டீங்க. எலி.

எலியை வளர்க்கணும், இல்லைன்னா உறைய வச்ச எலியை வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கணும். நம்ம ஊர் வீடுகளில் எத்தனை ஃப்ரிட்ஜ் இருக்கும்? ஒண்ணு. அதே ஃப்ரீசரில் ஐஸ்கிரீம், கீழே தயிர், தோசை மாவு. உறைய வச்சா கிருமி செத்துடும்னு ஒரு நம்பிக்கை, சாகாது. 2008லிருந்து 2010 வரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரே வகை சால்மோனெல்லா நூத்துக்கணக்கான பேருக்கு வந்து, தேடிப் பார்த்தா பாம்புத் தீனிக்காக உறைய வச்சு வித்த எலிகளில் போய் நின்னுது. பாதிக்கப்பட்டதில் நிறைய பேர் குழந்தைகள். உயிரோட எலி வளர்த்தா அது வேற தலைவலி: எலி மூத்திரத்தில் லெப்டோஸ்பைரோசிஸ், கடிச்சா எலிக்கடிக் காய்ச்சல். 2017ல் அமெரிக்காவில் வீட்டில் வளர்த்த எலிகளிலிருந்தே சியோல் வைரஸ் பரவி, கிட்னியைத் தாக்கிற நோய் பல மாநிலங்களில் வந்துது. நீங்க வளர்க்கிறது பாம்பு மட்டும்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. உண்மையில் மாடியில் ஒரு எலிப் பண்ணை நடத்தறீங்க.

டப்பாவை எங்கே கழுவறீங்க? இதை நேரில் ஒரு பையனிடம் கேட்டேன். "மொட்டை மாடியில தண்ணி வராது சார், கிச்சன் சிங்க்லதான்" என்றான். அவன் அம்மா பக்கத்திலேயே இருந்தாங்க. அந்த முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

இன்னொரு கூத்து. மாசத்துக்கு ஒருத்தராவது எனக்கு மெசேஜ் பண்றாங்க: "பாம்புக்கு வாயில சளி மாதிரி வருது டாக்டர், என்ன ஆன்டிபயாடிக், எத்தனை எம்.எல்.?" நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். பாம்பு வைத்தியம் தெரிஞ்ச கால்நடை மருத்துவர் நம்ம மாவட்டத்தில் கிடைக்கிறது கஷ்டம், சென்னை வேப்பேரிக்குக் கொண்டுபோங்கன்னுதான் சொல்வேன். பேப்பர் இல்லாததால போக மாட்டாங்க. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி எதையோ வாங்கி ஏத்துவாங்க. சால்மோனெல்லாவை ஒழிக்கிறேன்னு பாம்புக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தா அது ஒழியாது, மருந்துக்கு அடங்காத கிருமியா மாறும். பிறகு அந்தக் கிருமி குழந்தைக்கு வந்தா, நான் எந்த ஊசியைப் போடறது?

பாம்பின் ஆரோக்கியத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா "நாங்க பாம்பை நேசிக்கிறோம்" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கறீங்க. "ஸ்பைடர் மார்ஃப்" என்று அதிக விலைக்கு விக்கிற பால் பைத்தானைத் தெரியும்தானே. அந்த டிசைனைக் கொடுக்கிற ஜீனே உள்காதின் அமைப்பையும் கெடுக்குது. தலை ஆடும், திருகிக்கும், சிலது இரையை நேரா கவ்வவே முடியாம தடுமாறும். தெரிஞ்சே அதை இனப்பெருக்கம் பண்ணி விக்கறீங்க. நேசம்னு சொல்லாதீங்க, வியாபாரம்னு சொல்லுங்க, அது பரவாயில்லை.

அடுத்து வர்றதுதான் என்னை ராத்திரி தூங்க விடாதது. சால்மோனெல்லா லண்டனிலும் வரும். இது நம்ம மண்ணுக்கே உரியது.

நீங்க போடுற வீடியோவில் என்ன இருக்கு? குண்டா, உடம்பு பூரா பழுப்புத் திட்டுத் திட்டா ஒரு பாம்பு. அதை ஆறு வயசுக் குழந்தை கழுத்தில் மாலையா போட்டிருக்கு. பின்னாடி பாட்டு ஓடுது. அதைப் பார்க்கிற குழந்தை எங்கே இருக்கு? வானூரில், மயிலத்தில், செஞ்சியில், மரக்காணத்தில். வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டைக் கொல்லை, பக்கத்தில் கரும்பு, அந்தாண்ட சவுக்குத் தோப்பு. அந்தக் கொல்லையில் குண்டா, பழுப்புத் திட்டோட சுருண்டு படுத்திருக்கிறது பால் பைத்தான் இல்லை. கண்ணாடி விரியன்.

கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டின்னும், மண்ணுளின்னும் நினைச்சு கையில் எடுக்கிறது புதுசில்லை. பெரியவங்களே ஏமாந்திருக்காங்க. விரியனின் முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூணு வரிசை நீள்வட்டப் பொட்டு, மலைப்பாம்பில் ஒழுங்கில்லாத திட்டு. இதை நான் எழுதுறேன், நீங்க படிக்கறீங்க. டார்ச் வெளிச்சத்தில் பத்து வயசுப் பையன் இதை எண்ணிப் பார்ப்பானா? அதனால படம் காட்டி "இது தொடலாம், இது கூடாது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீங்க. எந்தப் பாம்பையும் தொடக் கூடாது என்ற ஒரே பாடம் போதும். நம்ம பாட்டிகள் அதைத்தான் சொல்லி வச்சாங்க. அந்தப் பயம் முப்பது செகண்ட் வீடியோவில் கரைஞ்சுக்கிட்டிருக்கு.

கண்ணாடி விரியன் கடிச்சா என்ன ஆகும்னு பார்த்திருக்கீங்களா? ரத்தம் உறையற தன்மை போயிடும். கண்ணாடிக் குழாயில் ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காம வைப்போம், உறையாம தண்ணி மாதிரியே ஓடும். ஈறில் ரத்தம், மூத்திரத்தில் ரத்தம். அப்புறம் கிட்னி. முண்டியம்பாக்கமோ ஜிப்மரோ போய்ச் சேருவதற்குள் தாமதமானா டயாலிசிஸ். 2000லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் இறந்தவங்க 12 லட்சம் பேர்னு ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டுது, வருஷத்துக்கு சராசரி 58,000. பெரும்பாலும் கிராமம். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயா அறிவிச்சுது, அதாவது ஒவ்வொரு கேஸையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குச் சொல்லணும். மாநிலமே இதைக் குறைக்கப் பாடுபடும்போது, பாம்பு பொம்மை மாதிரின்னு நீங்க பிள்ளைகளுக்குக் காட்டறீங்க.

கடிச்சா கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க, பாம்பைத் தேடிப் பிடிச்சுக் கொண்டுவராதீங்க. கை காலை அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரி. இதைச் சந்து கிடைக்கும்போதெல்லாம் சொல்லிடுவேன், மன்னிச்சுக்கோங்க.

ஒருத்தர் கேட்டிருந்தார்: "அப்போ இருளர்கள் பாம்பு பிடிக்கறாங்களே, அதை ஏன் கேக்க மாட்டேங்கறீங்க?" நல்ல கேள்வி. திண்டிவனம், விழுப்புரம்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய பதிலும் கூட.

இருளர்கள் ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பிடிச்சாங்க. 1972 சட்டமும், 1976ல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்துச்சு. 1978ல் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாச்சு. வனத்துறை அனுமதியில், சொன்ன எண்ணிக்கைக்குள் பிடிப்பாங்க. மண்பானையில் சில வாரம் வச்சு, சுமார் நாலு தடவை விஷம் எடுத்து, வயித்துச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுடுவாங்க. இனப்பெருக்கம் பண்றதில்லை, வீட்டுக்குள்ள வச்சுக் குழந்தை கழுத்தில் போடறதில்லை. அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தித்தான் நான் வார்டில் போடுற விஷமுறிவு மருந்து தயாராகுது. அந்தச் சமூகத்தின் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்குத்தான் அந்த மருந்து. நாளைக்கு உங்களில் ஒருத்தர் கெத்துக்காக வெளிநாட்டு விஷப்பாம்பை வாங்கி வச்சு அது கடிச்சா, என் அலமாரியில் அதுக்கு மருந்து இல்லை. இதையும் எழுதி வச்சுக்கோங்க.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், கசக்கும். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் திண்டிவனத்தில் ஏன் ஆரம்பிக்க வேண்டி வந்துதுன்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். ஒரு இருளர் சாக்கில் ஒரு பாம்போட நடந்து போனா அவருக்கு என்ன ஆகும், மாடியில் முப்பது பாம்பு வச்சு விலைப்பட்டியல் போடுறவருக்கு என்ன ஆகுதுன்னு நீங்களே யோசிங்க. ஒருத்தர் குற்றவாளி, ஒருத்தர் "ஹாபியிஸ்ட்".

ஏற்கெனவே வச்சிருக்கிறவங்களுக்கு. அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை, கர்ப்பிணி, 65 தாண்டின பெரியவங்க, டயாலிசிஸ் பண்றவங்க, கேன்சர் சிகிச்சையில் இருக்கிறவங்க, எச்.ஐ.வி. இருக்கிறவங்க, இவங்களில் ஒருத்தர் வீட்டில் இருந்தா பாம்பு அந்த வீட்டில் இருக்கக் கூடாது. "கவனமா இருப்போம்" என்பது இங்கே செல்லாது. மத்தவங்க, ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. சானிடைசர் மட்டும் பத்தாது. அடுக்களையில் எதையும் கழுவாதீங்க. எலிக்குத் தனி ஃப்ரீசர். பதிவு பண்ணுங்க. முட்டை வைக்கிறதை நிறுத்துங்க. வேண்டாம்னு தோணினா கழுவெளி ஏரியில் கொண்டுபோய் விட்டுடாதீங்க. ஃப்ளோரிடாவில் அப்படி வெளியே போன பர்மிய மலைப்பாம்புகள் இன்னிக்கு அந்தச் சதுப்புக்காட்டின் முயலையும் கீரியளவு பிராணிகளையும் காலி பண்ணிட்டிருக்கு. வனத்துறையிடம் கேட்டு ஒப்படைங்க.

எங்க ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல்னா விடால் டெஸ்ட், பாசிட்டிவ்னு வந்தா டைபாய்டு, முடிஞ்சுது. டைபாய்டு அல்லாத சால்மோனெல்லாவும் விடாலை ஏமாத்தும் என்று நாமெல்லாம் படிச்சதுதான். கல்ச்சர் அனுப்பறோமா? "வீட்டில் என்ன பிராணி வளர்க்கறீங்க?" என்று கேக்கறோமா? நானும் கேக்காதவன்தான். அந்த ஆயா வராண்டாவில் கூப்பிட்டதுக்கு அப்புறம்தான் கேக்க ஆரம்பிச்சேன். நாய், பூனை, கோழி, லவ் பேர்ட்ஸ், ஆமை என்று வரிசையா கேப்பேன், பாம்பு கடைசியில். அதுக்குப் பாதிப் பேர் சிரிப்பாங்க. சிரிக்காதவங்களைத்தான் கவனிக்கிறேன்.

இன்பாக்ஸ் திறந்தே இருக்கு. யார், எந்த ஊர், எத்தனை பாம்புன்னு கேக்க மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன். குழந்தைக்கு என்ன வயசு, எத்தனை நாளா காய்ச்சல், பால் குடிக்குதா, இதை மட்டும் சொல்லுங்க. பாம்புக்கு எத்தனை எம்.எல்.னு மட்டும் கேக்காதீங்க.